போர்க்காலத் தணிக்கையும் தொலைக்காட்சிச் செய்தியும்: காரைநகரையும் தீவகத்தையும் முன்வைத்து ஒரு நோக்கு

போர்க்காலத்தில் அரசுகள் செய்தியைக் கட்டுப்படுத்த முனைவது புதுமையன்று. தன் படையின் அளவையும் அது செல்லும் திசையையும் எதிரி அறியாவண்ணம் காத்தல் போர்க்கலையின் பழைய விதிகளுள் ஒன்றாகும். ஆயின், தொலைக்காட்சி தோன்றிய பின்னர் இவ்விதி புதியதொரு நிலையை எதிர்நோக்கியது. அச்சேறும் செய்தியை மூலப்படியிலேயே வெட்டலாம், திருத்தலாம். வெட்டுண்ட செய்தியை எழுதியவர் வேறோரிடத்தில், வேறொரு காலத்தில் மீண்டும் எழுதலாம். நிகழ்விடத்துக்குப் பிந்தி வந்தவரும் கண்டவரைக் கேட்டு எழுதலாம். படத்தின் இயல்பு வேறு. நிகழ்வு நடைபெறும் கணத்திற் கமெரா அங்கு நின்றாலன்றிப் படம் பிறப்பதில்லை. ஆகவே எடுத்த படத்தை வெட்டுவதினும் கமெரா செல்லும் வழியை அடைப்பது எளிது, பயனும் முழுமையானது.

தணிக்கை என்றவுடன் அவசரகாலப் பிரமாணங்களையும் தணிக்கையதிகாரியின் பேனாவையுமே நினைப்பது வழக்கம். இலங்கையின் வடபுலத் தீவகத்தின் போர்க்கால வரலாறோ, அவற்றினும் வலிய தணிக்கை ஒன்று இருந்ததைக் காட்டுகின்றது. கடல்வழி, தாம்போதி, மின்சாரம், ஒளிபரப்புக் கோபுரம், அச்சுத்தாள் ஆகியவற்றின் மீதான ஆதிக்கமே அத்தணிக்கையாகும். இதனைக் காரைநகரை மையமாகக் கொண்டு ஆராய்வதும், அதனால் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நீரிணையும் காவலும்

காரைநகர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் புறத்தே அமைந்த தீவாகும். பொன்னாலையிலிருந்து கடல்நீரேரியை ஊடறுத்துச் செல்லும் தாம்போதி அதனைக் குடாநாட்டுடன் இணைக்கின்றது. தெற்கே ஒடுங்கிய நீரிணைக்கு அப்பால் ஊர்காவற்றுறை உள்ளது. இவ்விரு துறைகளுக்குமிடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை அப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே வழங்குவர். தரைவழிக்குரிய சொல்லைக் கடலில் மிதப்பதற்கும் ஆண்ட இவ்வழக்கு தீவக வாழ்வின் இயல்பை நன்குணர்த்துகின்றது. பாதை ஓடினால் ஊர் இயங்கும். பாதை நின்றால் ஊர் உலகினின்றும் துண்டிக்கப்படும்.

இந்நீரிணையைக் காப்பவரே யாழ்ப்பாணத்தின் கடல்வாயிலைக் காப்பவர் என்பதைப் போர்த்துக்கேயர் உணர்ந்திருந்தனர். அவர்கள் நீரின் நடுவே கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றி ‘ஹமன்ஹீல்’ எனப் பெயரிட்டனர். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் அக்கடற்கோட்டை கைதிகளை அடைத்துவைக்கப் பயன்பட்டது. சுதந்திர இலங்கையின் கடற்படையும் காரைநகரிலேயே தனது தளங்களுள் ஒன்றை அமைத்துக்கொண்டது. எல்லாள மன்னனின் பெயரால் ‘எலார’ என வழங்கும் அத்தளம், உள்நாட்டுப் போர் மூண்டபின் தீவகம் முழுவதற்குமான வாயிற்காவலாக மாறியது. யார் உள்ளே வரலாம், யார் வெளியே செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், எது உலகுக்குத் தெரியலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமாகவும் அமைந்தது.

சட்டத்தின் கரம்

இலங்கையிற் செய்தித் தணிக்கைக்கு அடிப்படையாக அமைந்தது 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமாகும். பிரித்தானிய ஆட்சியின் இறுதி மாதங்களில் இயற்றப்பட்ட இச்சட்டம், அவசரகால நிலையைப் பிரகடனஞ்செய்து பிரமாணங்களை ஆக்கும் அதிகாரத்தை ஆட்சித் தலைமைக்கு வழங்கியது. சுதந்திரத்தின் பின்னர் வந்த அரசுகள் அனைத்தும், கட்சி வேறுபாடின்றி, அதனைக் கையாண்டன. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் போது தணிக்கை நடைமுறையில் இருந்தமையால், அக்கலவரத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் தாசி வித்தாச்சி எழுதிய நூல் இலண்டனில் அச்சேற நேர்ந்தது. இலங்கையில் அந்நூல் தடைசெய்யப்பட்டது. 1973இல் இயற்றப்பட்ட பத்திரிகைப் பேரவைச் சட்டம் கட்டுப்பாட்டுக்கு மற்றொரு கருவியை அளித்தது.

1981 மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான வேளையில், ‘ஈழநாடு’ நாளேட்டின் பணிமனையும் தீக்கிரையாயிற்று. 1983 யூலையில், கொழும்பிற் கலவரம் வெடிப்பதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ‘சற்றர்டே ரிவியூ’ என்னும் ஆங்கில வார ஏடு அவசரகாலப் பிரமாணங்களின் கீழ் மூடப்பட்டது. முன்னையது சட்டத்துக்குப் புறம்பான தீ. பின்னையது சட்டத்தின் முத்திரை. வழிகள் வேறாயினும் யாழ்ப்பாணத்துச் செய்தி யாழ்ப்பாணத்தவரால் எழுதப்படுவதைத் தடுத்த வகையில் இரண்டன் விளைவும் ஒன்றே.

கோபுரமும் திரையும்

தொலைக்காட்சி இலங்கைக்கு வந்ததும் போர் மூண்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தனவாகும். 1979 ஏப்ரிலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்புப் பகுதியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. சில வாரங்களிலேயே அரசு அதனைப் பொறுப்பேற்றது. 1982 பெப்ரவரி 15ஆந் திகதி, யப்பானிய உதவியுடன், ரூபவாஹினி தேசிய ஒளிபரப்பைத் தொடங்கியது. பிதுருதலாகலை உச்சியில் அமைந்த அதன் பிரதான பரப்பி நாட்டின் பெரும்பகுதியை எட்டியது. இவ்வாறு, பத்திரிகைத் துறையைப் போலன்றி, தொலைக்காட்சித் துறை தோற்றத்திலேயே அரசின் கையில் இருந்தது. தனியார் தொலைக்காட்சி நிலையங்கள் 1990களிலேயே தோன்றின. ஆகவே போரின் முதற் பத்தாண்டில் உள்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தியைத் தணிக்கை செய்யவேண்டிய தேவையே எழவில்லை. செய்தியை ஆக்குவோரும் அனுமதிப்போரும் ஒரே நிருவாகத்தின் உறுப்புகளாக இருந்தமையே காரணமாகும்.

புதிய சாதனத்தின் ஆற்றல் 1983 யூலையிற் புலப்பட்டது. கலவரம் தொடங்கிச் சில நாட்களின் பின், யூலை 28ஆந் திகதி, சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். உயிரையும் உடைமையையும் இழந்த தமிழ் மக்களுக்கு ஆறுதலாக அவ்வுரையில் ஒரு சொல்லும் இடம்பெறாமையைப் பின்வந்த ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். தணிக்கை என்பது கூறியதை வெட்டுவது மட்டுமன்று, கூறவேண்டியதைக் கூறாது விடுவதுமாகும் என்பதற்கு அவ்வுரை சான்றாகின்றது.

வடபுலத்துக்கு ரூபவாஹினியைக் கொண்டுசென்றது வன்னியிற் கொக்காவிலில் அமைந்த அஞ்சல் கோபுரமாகும். குடாநாட்டுக் கரையோரத்தில் உயர்ந்த அன்ரனா நாட்டியோர்க்குத் தமிழகத்திலிருந்து தூர்தர்ஷனும் கிட்டியது. 1980களின் நடுப்பகுதியில், தமிழீழ விடுதலைப் புலிகள் ‘நிதர்சனம்’ என்ற பெயரிற் குடாநாட்டுக்குள்ளேயே சிறு அளவிலான ஒளிபரப்பை நடத்தினர். கொழும்பின் குரல், டில்லியின் குரல், இயக்கத்தின் குரல் என மூன்றும் ஒரே திரையில் மாறிமாறித் தோன்றின. மூன்றும் அவ்வவ் அதிகாரங்களின் சார்பினவே. ஆயினும் ஒன்றுக்கெதிராக மற்றொன்றை வைத்து உண்மையை ஊகிக்கும் வாய்ப்பேனும் பார்ப்போர்க்கு இருந்தது.

கடலிற் கண்டவையும் காணாதவையும்

1985 மே 15ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து நயினாதீவு நோக்கிச் சென்ற ‘குமுதினி’ப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. படகிலிருந்தோருட் குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கடற்படையினரே இதனைச் செய்தனர் என உயிர்தப்பியோர் கூறினர். அநுராதபுரத்தில் முதல்நாள் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டதற்கான பழிவாங்கலாக அது கருதப்பட்டது. எனினும், அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நடுக்கடலிற் கமெரா இல்லை, இருந்திருக்கவும் இயலாது. அந்நிகழ்வின் வரலாறு முற்றுமுழுதாக உயிர்தப்பியோரின் நாவிலேயே தங்கியது.

இதற்கு நேர்மாறானதொரு காட்சி 1987 யூனில் இதே கடலில் அரங்கேறியது. வடமராட்சிப் படைநடவடிக்கையை அடுத்து, யூன் 3ஆந் திகதி, இந்தியா நிவாரணப் பொருள்களுடன் மீன்பிடிப் படகுகளை இராமேசுவரத்திலிருந்து அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றை வழிமறித்துத் திருப்பியது. மறுநாள் இந்திய வான்படை விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது ஏறத்தாழ 25 தொன் பொருள்களைப் போட்டன. இந்நடவடிக்கையிற் செய்தியாளர்களும் உடன் அழைத்துச் செல்லப்பட்டனர் என்பது நோக்கற்பாலது. குடாநாட்டின் முழுத் தேவையோடு ஒப்பிடுகையிற் பொருளின் அளவு சிறிது. உலகம் அதனைக் காணவேண்டும் என்பதே நடவடிக்கையின் பெரும் பயனாகக் கொள்ளப்பட்டது. கமெராவுக்கு வழிவிடுவதும் அடைப்பதும் ஒரே கலையின் இரு கூறுகள் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

அதே ஆண்டு ஒக்ரோபரில் இந்திய அமைதிகாக்கும் படை புலிகளுடன் போர்தொடுத்தபோது, அதன் முதல் இலக்குகளுட் கொக்குவிலில் இருந்த தொலைக்காட்சி நிலையமும் தாவடியில் இருந்த வானொலி நிலையமும் அடங்கின. ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகிய நாளேடுகளின் அச்சியந்திரங்களும் தகர்க்கப்பட்டன. போருக்கு முன்னோடியாகச் செய்திச் சாதனங்களை வீழ்த்துவது அன்றே வழமையாகிவிட்டது.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. யூலை 11ஆந் திகதி, கொக்காவிற் கோபுரத்தைக் காத்துநின்ற இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. அத்துடன் அரசின் திரை வடபுலத்தை எட்டும் வாயிலும் அடைபட்டது. குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிற் சேர்ந்தன. சைக்கிளின் மிதியைச் சுழற்றி, அதன் தைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிப் பெட்டியை இயக்கி, பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் மக்கள் செவிமடுத்தனர். நாளேடுகள் பள்ளிக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாள்களிலும் அச்சாயின. ஒரு மின்கலத்தைத் தடைசெய்வது ஒரு செய்தியைத் தடைசெய்வதற்கு நிகராயிற்று. அதற்கெனத் தணிக்கையதிகாரி எவரும் நியமிக்கப்பட வேண்டியிருக்கவில்லை.

இவ்விருளின் நடுவிலேயே தீவகத்தின் பெரும் துயரங்கள் நிகழ்ந்தன. 1990 ஓகஸ்டில், யாழ்ப்பாணக் கோட்டையில் முற்றுகையிடப்பட்டிருந்த படையினரை மீட்கும்பொருட்டு, இராணுவம் தீவுகளிற் கால்பதித்தது. செப்ரெம்பர் 26ஆந் திகதி கோட்டை கைவிடப்பட்டது. அவ்வேளையில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவில்லை. 1991இற் போர் காரைநகரை முழுமையாக ஆட்கொண்டபோது, அவ்வூர் மக்கள் வீடுவாசல், கோயில்குளம், வயல் அனைத்தையும் விட்டுப் பெயர்ந்தனர். ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் சிவன் கோயிலைச் சூழ வாழ்ந்த குடிகள் குடாநாட்டின் பிற ஊர்களிலும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் சிதறினர். குடாநாடு படையினர் வசமான 1996ஆம் ஆண்டின் பின்னரே மீள்குடியேற்றம் தொடங்கியது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஓர் ஊர் தன் மக்களின்றிக் கிடந்தது. சுயாதீனக் கமெரா ஒன்று அங்கு செல்வதற்கான பாதை ஒன்றேனும் அக்காலத்தில் திறந்திருக்கவில்லை. ஒரு பக்கத்தே கடற்படைத் தளம். மறுபக்கத்தே போர்முனையாக மாறிய தாம்போதி.

செய்தி அடைபட்ட இடத்தில் வதந்தி ஆட்சிசெய்யும் என்பதையும் தீவகமே காட்டியது. 1992 ஓகஸ்ட் 8ஆந் திகதி, ஊர்காவற்றுறைத் தீவின் அராலி முனையில் நிகழ்ந்த வெடிப்பில், வடபகுதிப் படைத்தளபதி டென்சில் கொப்பேகடுவ, பிரிகேடியர் விஜய விமலரத்ன, கடற்படையின் மொகான் ஜயமகா முதலிய உயரதிகாரிகள் மாண்டனர். அது புலிகளின் கண்ணிவெடி என அறிவிக்கப்பட்டது. தென்னிலங்கை மக்களிற் பலர் அதனை நம்பவில்லை. ஆட்சியாளரே சூழ்ச்சி செய்தனர் எனப் பேசினர். கொழும்பில் நடைபெற்ற இறுதிச் சடங்கிற் கூட்டம் கொந்தளித்தது. பின்னாளில் ஆணைக்குழு அமைத்து விசாரிக்கும் அளவுக்கு அவ்வையம் நீடித்தது. ஆண்டுக்கணக்காகப் போர்ச் செய்தியை அரசின் வாயால் மட்டுமே கேட்டுப் பழகிய மக்கள், அரசு கூறுவது உண்மையாக இருக்கக்கூடிய வேளையிலும் அதனை நம்ப மறுத்தனர். தணிக்கை எதிரியின் காதை அடைப்பதற்கு முன் தன் நாவின் நம்பகத்தையே அரித்துவிட்டது.

உலகின் ஏனைய தீவுகள்

தீவுகளிற் செய்தியைக் கட்டுப்படுத்துதல் எளிது என்பதை இலங்கைக்கு வெளியேயும் காணலாம். அமெரிக்க அரசு வியத்நாமிற் செய்தியாளர்களைப் பெரும்பாலும் தடையின்றிச் செல்லவிட்டது. முறையான முன்தணிக்கை அங்கு இருக்கவில்லை. தொலைக்காட்சியே அப்போரைத் தோற்கடித்தது என்ற எண்ணம் பின்னர் படைத்தலைமைகளிடையே வேரூன்றியது. அந்நாட்டு ஆய்வாளர் டானியல் ஹாலின் 1986இல் வெளியிட்ட நூலில், 1968ஆம் ஆண்டுவரை தொலைக்காட்சிச் செய்திகள் பெரும்பாலும் அரசின் நோக்கையே தழுவியிருந்தன என்றும், அரசியற் தலைமைக்குள் ஒருமைப்பாடு குலைந்த பின்னரே செய்தியின் போக்கும் மாறியது என்றும் நிறுவினார். எனினும், படைத்தலைமைகள் கற்ற பாடம் வேறாயிருந்தது.

1982இல் தென் அத்திலாந்திக்கிலுள்ள போக்லாந்துத் தீவுகளுக்குப் பிரித்தானியா படையனுப்பியபோது, செய்தியாளர்கள் கடற்படைக் கப்பல்களிலேயே செல்ல வேண்டியிருந்தது. செய்தியை அனுப்பவும் கடற்படையின் தொடர்புச் சாதனங்களையே நம்பவேண்டியிருந்தது. தொலைக்காட்சிப் படங்களுட் சில இலண்டனை அடைய மூன்று வாரங்களுக்கு மேற் சென்றன. கிரிமியப் போரில் 1854 ஒக்ரோபர் 25ஆந் திகதி நிகழ்ந்த குதிரைப்படைத் தாக்குதலைப் பற்றி வில்லியம் ஹவாட் றசல் எழுதிய செய்தி, நவம்பர் 14ஆந் திகதி ‘தி ரைம்ஸ்’ இதழில் வெளிவந்தது. செய்மதி யுகத்தின் படம் குதிரை யுகத்தின் கடிதத்தினும் மெல்லச் சென்றது! அடுத்த ஆண்டு அமெரிக்கா கிரனடாத் தீவின் மீது படையெடுத்தபோது, முதல் இரு நாட்களும் செய்தியாளர் எவரையும் அனுமதிக்கவில்லை. தாமே படகமர்த்திச் செல்ல முனைந்தோர் தடுக்கப்பட்டனர். அதன்பின் எழுந்த கண்டனங்களின் விளைவாக, தெரிவுசெய்யப்பட்ட சிறு செய்தியாளர் குழுவைப் படையினரே அழைத்துச் செல்லும் முறை உருவாக்கப்பட்டு, 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரிற் பரந்த அளவிற் கையாளப்பட்டது. கொழும்பிலிருந்து பலாலிக்குப் படையினரின் விமானத்திற் செய்தியாளரை அழைத்துச் சென்று காட்டவேண்டியதைக் காட்டித் திருப்பியழைத்த முறையும் இதன் இனத்ததே.

பிரமாணங்களின் காலம்

1990களின் நடுப்பகுதியில் உள்நாட்டில் தனியார் தொலைக்காட்சிகள் பெருகின. செய்மதிவழி அயல்நாட்டு அலைவரிசைகளும் வந்தன. திரை அரசின் தனியுடைமையாக இல்லாதொழிந்த அக்காலத்திலேயே வெளிப்படையான இராணுவத் தணிக்கையும் வலுப்பெற்றமை கருதத்தக்கது. 1995 செப்ரெம்பர் 21ஆந் திகதி போர்ச் செய்திகளின் மீது தணிக்கை விதிக்கப்பட்டது. மறுநாள் வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகாவித்தியாலயத்தின் மீது குண்டு வீழ்ந்து மாணவர் பலர் மாண்டனர். ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் படைநடவடிக்கை தொடங்கியது. அம்மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிற் பெயர்ந்தனர். திசெம்பர் 5ஆந் திகதி யாழ்ப்பாணத்திற் சிங்கக்கொடி ஏற்றப்பட்டமை நாடெங்கும் அறியச்செய்யப்பட்டது. வெற்றியின் படம் உடனடியாகக் கிட்டியது, அதற்கு மக்கள் கொடுத்த விலையின் படம் கிட்டவில்லை. அம்மாதம் 20ஆந் திகதி தணிக்கை நீக்கப்பட்டது. 1996 ஏப்ரிலில் மீண்டும் சில மாதங்களும், 1998 யூன் 5ஆந் திகதி முதல் நீண்டகாலமும் அது நடைமுறையில் இருந்தது. 1998இல் தணிக்கைப் பொறுப்பு படையதிகாரி ஒருவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

2000 ஏப்ரில் 22ஆந் திகதி ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் மேலும் கடுமையான பிரமாணங்கள் வந்தன. மே 19ஆந் திகதி யாழ்ப்பாணத்தின் ‘உதயன்’ நாளேடும், சில நாட்களிற் கொழும்பின் ‘சண்டே லீடர்’ இதழும் மூடப்பட்டன. தணிக்கை இனத்தையும் மொழியையும் பார்ப்பதில்லை என்பதை இது உணர்த்திற்று. இக்காலத்தே உயர்நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் முக்கியமானவை. செய்தியைப் பெறும் குடிமக்களின் உரிமை மீறப்பட்டதாகச் சுனிலா அபேசேகர தொடுத்த வழக்கில், தேசியப் பாதுகாப்பின்பொருட்டு விதிக்கப்பட்ட 1998ஆம் ஆண்டுத் தணிக்கை செல்லுபடியாகும் என மன்று கொண்டது. ‘சண்டே லீடர்’ வழக்கிலோ, தணிக்கையதிகாரியின் நியமனம் சட்டம் வேண்டும் முறைப்படி அமையவில்லை என்ற அடிப்படையில், 2000 யூன் 30ஆந் திகதி தடை செல்லாதெனத் தீர்த்தது. பின்னைய தீர்ப்பு இதழுக்கு விடுதலை அளித்ததாயினும், தணிக்கை தகுமா என்ற அடிப்படை வினாவை அது தொடவில்லை. 2001 மே மாத இறுதியில் தணிக்கை நீக்கப்பட்டது.

சட்டத்தின் தணிக்கை நீங்கினும் துப்பாக்கியின் தணிக்கை நீங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்கும் கொழும்பு இதழ்களுக்கும் செய்தியனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்ரோபரில் நடைபெற்ற பொதுத்தேர்தலின் முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தவர். அம்மாதம் 19ஆந் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், படையினரின் காவல் மிகுந்த யாழ்ப்பாண நகரில், தன் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் எவரும் தண்டனை பெறவில்லை.

மறுபக்கத்துத் தணிக்கை

அரசின் தணிக்கையை மட்டும் கூறி அமைவது வரலாற்று நேர்மையாகாது. 1990 முதல் 1995 வரை குடாநாட்டை ஆண்ட புலிகள், தம்மை விமர்சிக்கும் எழுத்துக்கு இடமளிக்கவில்லை. வெளியேறுவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி 1991இற் புலிகளால் கைதுசெய்யப்பட்டார், பின்னர் மீளவில்லை. எல்லாத் தரப்பினரின் செயல்களையும் பதிவுசெய்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம, 1989 செப்ரெம்பர் 21ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ‘நிதர்சனம்’ போர்க்களத்துள் நின்று எடுத்த படங்கள் அரிய ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை வெற்றியையும் வீரச்சாவையும் காட்டின, கட்டாய ஆட்சேர்ப்பையோ சிறைக்கூடங்களையோ காட்டவில்லை. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டமையும் படமின்றியே நிகழ்ந்தது. வாயில் யார் கையில் இருந்ததோ அவரவர்க்கு வேண்டாதது வெளியே செல்லவில்லை.

இறுதிக்கட்டமும் பின்னரும்

2006 ஓகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது குடாநாடே தீவாயிற்று. யாழ்ப்பாண நாளேடுகள் அச்சுத்தாளும் மையும் கிட்டாது தவித்தன. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளரும் பிற உதவி நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். சுயாதீனச் செய்தியாளருக்குப் போர்முனை அடைபட்டது. 2009 சனவரி 6ஆந் திகதி கொழும்புக்கு அண்மையில் சிரச தொலைக்காட்சி நிலையம் தாக்கப்பட்டது; இரு நாட்களின் பின் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். மே மாதத்தில், வவுனியா முகாம்களின் நிலையைக் காட்டிய பிரித்தானியச் ‘சனல் 4’ தொலைக்காட்சிக் குழுவினர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். காரைநகரில் ஒரு தாம்போதியின் அளவில் நிகழ்ந்தது முள்ளிவாய்க்காலில் ஒரு நிலப்பரப்பின் அளவில் நிகழ்ந்தது.

ஆயின் இங்கு ஒரு வேறுபாடு தோன்றியது. 1991இற் கமெரா அரிய பொருள். 2009இற் கைத்தொலைபேசியே கமெராவாக இருந்தது. அகப்பட்டோரும் படைவீரரும் எடுத்த படங்கள் வெளியேறின. அவற்றைக் கொண்டு 2011 யூன் 14ஆந் திகதி அதே தொலைக்காட்சி வெளியிட்ட விவரணப்படம் உலகெங்கும் விவாதத்தை எழுப்பியது. அதற்குச் சில நாட்கள் முன்னர், யூன் 6ஆந் திகதி, கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய ஒளிபரப்புக் கோபுரம் திறக்கப்பட்டிருந்தது. அரசின் திரை மீண்டும் வடக்கை எட்டிய அதே மாதத்தில், அரசின் வாயிலைக் கடந்து சென்ற படங்கள் உலகை எட்டின.

முடிவுரை

போர்க்காலத்திற் சில செய்திகள் காக்கப்படவேண்டும் என்பதை மறுத்தற்கில்லை. நாளை செல்லவிருக்கும் கப்பலின் வழியை இன்று அறிவிப்பது அதிலுள்ளோரின் உயிருக்கு ஆபத்தாகும். அத்தகைய தடைக்கு இரு எல்லைகள் இயல்பாகவே உண்டு: அது நிகழவிருப்பதைப் பற்றியதாக இருத்தல் வேண்டும், நடவடிக்கை முடிந்ததும் நீங்குதல் வேண்டும். குமுதினியின் பயணிகள், மண்டைதீவின் இளைஞர்கள், காரைநகரின் பெயர்ந்த குடிகள் ஆகியோரைப் பற்றிய செய்தி எந்தப் படைநகர்வையும் காட்டிக்கொடுத்திராது. அது நிகழ்ந்து முடிந்ததைப் பற்றியது. காக்கப்பட்டது நாட்டின் பாதுகாப்பன்று, செய்தவரின் பாதுகாப்பே.

இத்தணிக்கையின் விளைவு போருடன் முடியவில்லை. இக்காலத்தைப் பற்றி எழுதப்புகும் ஆய்வாளர்க்குக் கிட்டும் படச்சான்றுகளிற் பெரும்பகுதி போரிட்ட தரப்பினர் எடுத்தவையாகும். அவற்றை மட்டும் நம்பினால், படையினரும் போராளிகளும் நிறைந்த, மக்கள் இல்லாத வரலாறே எஞ்சும். தீவக மக்களின் வரலாறு வேறிடங்களிற் சிதறிக் கிடக்கின்றது: கோயிற் கும்பாபிடேக மலர்களில், பாடசாலை ஆண்டு மலர்களில், பங்குத் தந்தையரின் பதிவேடுகளில், இடம்பெயர்ந்தோர் பதிவுகளில், புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களின் வெளியீடுகளில், குடும்பங்கள் பேணும் ஒளிநாடாக்களில். 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் அச்சு ஆவணங்களைத் திரட்டி அரும்பணி ஆற்றிவருகின்றது. காந்த ஒளிநாடாக்களோ ஆண்டுதோறும் அழிந்துவருகின்றன. 1991இற் பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து வந்தோரில் அன்று நடுவயதினராக இருந்தோர் இன்று முதியோர்.

ஆகவே பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறைகளின் மாணவர்க்கு முன்னுள்ள பணி தெளிவானது. ஊர்வாரியாக வாய்மொழிச் சான்றுகளைப் பதிவுசெய்தல், அவற்றை இதழ்ச் செய்திகளுடனும் அரச அறிவித்தல்களுடனும் ஒப்புநோக்குதல், முரண்படுமிடங்களை மறையாது குறித்தல், எத்தரப்பினர்க்கும் உவப்பில்லாத சான்றையும் ஒதுக்காதிருத்தல் ஆகியன அப்பணியின் கூறுகளாம். பாதை அடைபட்டிருந்த காலத்தில் அங்கு செல்ல இயலாதிருந்தது. இன்று காரைநகருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்து செல்கின்றது. ஊர்காவற்றுறைக்குப் பாதையும் ஓடுகின்றது. சென்று கேட்பதற்கு இனித் தடையாக இருக்கக்கூடியது காலம் ஒன்றேயாகும்.